மிதிவண்டி விளக்கு வாங்கும்போது லூமெனை மட்டும் பார்க்காதீர்கள்

தினமும் வேலைக்கு மிதிவண்டியில் போய்வரும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: திரும்பும் நேரத்தில் இருட்டிவிடுகிறது, வழியில் பாதித் தூரத்துக்குத் தெருவிளக்கு உண்டு, மீதித் தூரத்துக்கு இல்லை, 400 லூமென் முன்விளக்கு போதுமா, 1000 லூமென் வாங்க வேண்டுமா, பின்விளக்கு மின்னிக்கொண்டிருப்பது நல்லதா, டைனமோ இக்காலத்திலும் பொருந்துமா?

உங்கள் வழிக்கு 400 லூமென் தாராளமாகப் போதும், ஆனால் அந்த 400 லூமென் சாலையில் விழ வேண்டும். விளக்கு எவ்வளவு ஒளியை உமிழ்கிறது என்பதைவிட அதை எங்கே செலுத்துகிறது என்பதே முக்கியம். அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படுவது முதலாவது; இரண்டாவதைப் பல பெட்டிகளில் தேடினாலும் கிடைப்பதில்லை.

லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிவரும் ஒளியின் மொத்த அளவு. அந்த ஒளி ஒரு பரப்பின் மேல் எவ்வளவு செறிவாக விழுகிறது என்பதை அளப்பது லக்ஸ். ஒரே 400 லூமெனை அகலமாகச் சிதறடித்தால் மரக்கிளையும் எதிரே வருபவரின் முகமும் வெளிச்சமாகும்; அதையே ஒழுங்காகக் குவித்தால் 20 மீட்டர் தள்ளியிருக்கும் குழி தெரியும். நகரச் சாலைக்கென வடிவமைக்கப்பட்ட விளக்குகளில், 10 மீட்டர் தொலைவில் இத்தனை லக்ஸ் என்று குறிப்பிட்டிருப்பார்கள். தொலைவு இரட்டிப்பானால் செறிவு நான்கில் ஒரு பங்காகும் என்பதால், 10 மீட்டரில் 40 லக்ஸ் தரும் விளக்கு 20 மீட்டரில் 10 லக்ஸ் தரும். முழுநிலவின் ஒளி அரை லக்ஸைக்கூட எட்டாது என்பதோடு ஒப்பிட்டால் இது கணிசமான வெளிச்சம்.

எத்தனை மீட்டர் தெரிந்தால் போதும் என்பதை உங்கள் வேகத்தை வைத்தே கணக்கிடலாம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்குச் சுமார் 7 மீட்டர். தடையைக் கண்டு, அது என்னவென்று புரிந்து, விரல் பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால் அதற்குள்ளேயே 10 மீட்டர் கடந்திருப்பீர்கள். அதன் பிறகு உலர்ந்த சாலையில் நிற்க ஏறத்தாழ 6 மீட்டர், நனைந்த சாலையில் 10 மீட்டர் வரை தேவைப்படும். ஆகவே 20 மீட்டர் தெளிவாகத் தெரிய வேண்டும். 25 மீட்டர் தெரிந்தால் நிம்மதி. மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவருக்கு இதில் பாதி போதும். மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கும் சரிவு உங்கள் வழியில் இருந்தால் மட்டுமே 800, 1000 லூமென் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

ஒளிக்கற்றையின் வடிவம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. ஹேண்டில்பார் உயரத்திலிருந்து புறப்படும் ஒளி, தொலைவில் உள்ள சாலையை மிகச் சாய்வாகத் தொடுகிறது. 1 மீட்டர் உயரத்தில் விளக்கு இருந்தால் 20 மீட்டர் தொலைவில் அந்தச் சாய்வு ஏறக்குறைய 3 பாகைதான். தொலைவு கூடுவதால் ஏற்படும் இழப்போடு இந்தச் சாய்வினால் ஏற்படும் இழப்பும் சேர்ந்துகொள்வதால், 5 மீட்டரில் உள்ள தரையும் 20 மீட்டரில் உள்ள தரையும் ஒரே அளவு வெளிச்சம் பெற வேண்டுமானால், தொலைவை நோக்கிச் செல்லும் ஒளி சுமார் 60 மடங்கு செறிவாக இருக்க வேண்டும். நல்ல விளக்கின் பிரதிபலிப்புக் கிண்ணம் செய்யும் வேலை இதுதான்: கற்றையின் மேல்விளிம்பை ஒட்டி மிகுந்த செறிவையும், கீழே வரவர குறைந்த செறிவையும் வைத்து, விளிம்புக்கு மேலே ஏறக்குறைய எதையும் அனுப்பாமல் நிறுத்திவிடுகிறது. கார்களின் தாழ்நிலை முகப்பு விளக்கும் இதே ஏற்பாட்டைத்தான் பின்பற்றுகிறது.

டார்ச்சைப் போன்ற வட்டக் கற்றையில் இந்த ஏற்பாடு இல்லை. அதை நேராகப் பிடித்தால் ஒளியில் பாதி வானத்துக்குப் போகிறது. கீழே சாய்த்தால் முன்சக்கரத்துக்கு அருகில் பளீரென்ற வட்டம் ஒன்று உண்டாகி, கண்ணின் பாவை அதற்கேற்பச் சுருங்கிவிடுவதால், அதற்கு அப்பால் உள்ள இருட்டு முன்பைவிட அதிகமாகத் தெரிகிறது. இதனால்தான் 1000 லூமென் வட்டக் கற்றையைப் பொருத்தியவர்களும் வெளிச்சம் போதவில்லை என்று குறைபடுகிறார்கள். மலைப்பாதையில் தாழ்ந்த கிளைகளையும் வளைவுகளையும் பார்க்க வேண்டியவர்களுக்கு வட்டக் கற்றை தேவைதான். சாலையில் போகிறவருக்கு அது வீண். எதிரே வருகிறவருக்கு இடைஞ்சல். கண் கூசிய ஓட்டுநருக்கு உங்கள் மிதிவண்டி எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் நகர்கிறது என்பது புரிவதில்லை. ஆக, பிறர் கண்ணைக் கூசச் செய்யாமலிருப்பது மரியாதை மட்டுமல்ல, உங்கள் சொந்தப் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

கற்றையின் வடிவத்தைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கும் நாடு ஜெர்மனி. அங்குள்ள வாகன விதிகளின்படி முன்விளக்கின் மிகச் செறிவான பகுதி 10 மீட்டர் தொலைவில் குறைந்தது 10 லக்ஸ் தர வேண்டும். கற்றையின் மையத்துக்கு மேலே 3.4 பாகையிலிருந்து 2 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது. அந்தச் சோதனையில் தேறிய விளக்கின் உடலில் கே என்ற எழுத்தும் ஓர் அலைக்குறியும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், இந்தக் குறி உள்ள விளக்கை வாங்கினால் கற்றையின் வடிவத்தை யாரோ அளந்து பார்த்திருக்கிறார்கள் என்ற உறுதி கிடைக்கும். அந்தக் குறி இல்லாத விளக்குகளிலும் நல்லவை உண்டு. அவற்றைச் சுவரில் அடித்துப் பார்த்து, மேல்விளிம்பு கோடு கிழித்ததுபோல் தெரிகிறதா என்று சோதித்து வாங்கலாம்.

அடுத்தது பேட்டரி. பெட்டியில் உள்ள எண்களில் நம்பத்தகாதது எதுவென்று கேட்டால், எத்தனை மணி நேரம் எரியும் என்பதைத்தான் சொல்வேன். எஃப்எல் 1 என்ற அளவீட்டு முறையைப் பின்பற்றும் நிறுவனங்கள்கூட, ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரத்தையே எரியும் நேரமாகக் கணக்கிடுகின்றன. 500 லூமெனில் தொடங்கி 50 லூமெனில் முடியும் மூன்று மணி நேரமும் அந்த முறைப்படி மூன்று மணி நேரம்தான். சில விளக்குகள் ஒரே அளவில் எரிந்து, கடைசியில் படியிறங்கும். சில முதல் அரைமணியிலேயே மெல்ல மங்கத் தொடங்கிவிடும், மங்குவது படிப்படியாக நடப்பதால் ஓட்டுபவர் அதை உணர்வதும் இல்லை. முந்தைய வகையே வேலைக்குப் போய்வருபவருக்கு ஏற்றது.

சொல்லப்படும் எண் உண்மையா என்பதை எளிய கணக்கால் சோதிக்கலாம். மிதிவண்டி விளக்கில் இழப்புகள் போக ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் கிடைக்கும் என்று கொள்ளுங்கள். 3.6 வோல்ட், 2,500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 9 வாட் மணி. அப்படியானால் 1000 லூமென் ஒளியை அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே தர முடியும். இதே அளவு பேட்டரியோடு, 1000 லூமென் நான்கு மணி நேரம் என்று யாராவது எழுதியிருந்தால், இரண்டு எண்களில் ஒன்று பொய், பெரும்பாலும் இரண்டுமே. லூமென் எண்ணுக்கு அருகில் பேட்டரியின் அளவையே குறிப்பிடாத விளக்கை நான் பொருட்படுத்துவதில்லை.

லித்தியம் அயனி பேட்டரி 300 முதல் 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பின் தொடக்கக் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்காகக் குறைந்துவிடுவது இயல்பு; கடும் குளிரில் இன்னும் குறைவாகவே தரும். இதை முன்கூட்டியே கணக்கில் கொண்டு, நீங்கள் பயன்படுத்தும் நிலையில் ஒரு நாள் தேவையைப் போல் இரண்டு மடங்கு நேரம் எரியும் விளக்கை வாங்குங்கள். பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய விளக்கு கிடைத்தால் அதற்குச் சற்று அதிகம் கொடுத்தாலும் தகும். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 என்ற பொது அளவு பேட்டரியை ஏற்கும் விளக்குகள் பேட்டரி செத்த பிறகும் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. உள்ளேயே ஒட்டப்பட்ட பேட்டரி உள்ளவை போகத்தான் வேண்டும்.

பின்விளக்கைப் பொறுத்தவரை தேவை வேறு. அதைக் கொண்டு நீங்கள் எதையும் பார்க்கப் போவதில்லை; பின்னால் வருபவர் உங்களைப் பார்த்தால் போதும். இருட்டில் 20 முதல் 50 லூமென் நிறைவானது. 100 லூமெனுக்கு மேற்பட்டவை பட்டப்பகலில் தெரிவதற்கானவை. அவற்றை இரவில் அதே நிலையில் எரியவிட்டால் பின்னால் வரும் மிதிவண்டிக்காரர் உங்களைச் சபிப்பார். பக்கவாட்டிலும் ஒளி கசியும்படி கண்ணாடி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் சந்திப்புகளில் உங்களைப் பக்கவாட்டிலிருந்துதான் பார்ப்பார்கள்.

மின்னலாமா என்ற கேள்விக்கு நாட்டுக்கு நாடு விடை மாறுகிறது. ஜெர்மனியில் மின்னும் விளக்குக்கு அனுமதியில்லை. பிரிட்டனில் 2005 முதல், நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை வரை மின்னும் விளக்கு ஏற்கப்படுகிறது. ஆகவே முதலில் உங்கள் ஊர் விதியைப் பாருங்கள். விதி தடுக்கவில்லையென்றால், மின்னுவதால் ஒன்று கிடைக்கிறது, ஒன்று போகிறது: ஏதோ இருக்கிறது என்று கண் சட்டென்று கவனிக்கும், ஆனால் அது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணிப்பது கடினமாகிவிடும். இருட்டில் தொடர்ந்து எரியும் விளக்கின் மேல் மென்மையாகக் கூடிக் குறையும் நிலை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். முற்றிலும் அணைந்து அணைந்து எரியும் நிலையைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்விளக்கை இருட்டில் மின்ன விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை; உங்களுக்கே சாலை துண்டுதுண்டாகத் தெரியும்.

பகலில் விளக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 2004, 2005 ஆண்டுகளில் நடந்த ஆய்வைச் சொல்வதுண்டு. ஏறத்தாழ 3,800 மிதிவண்டிக்காரர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் காந்தத் தூண்டலால் எப்போதும் மின்னிக்கொண்டே இருக்கும் விளக்குகளைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். விளக்குப் பெற்றவர்களிடையே காயம் ஏற்பட்ட விபத்துகள் 19 சதவீதம் குறைவாக இருந்தன. விபத்துகளைப் பங்கேற்பாளர்களே தெரிவித்தார்கள் என்பதால் அந்த எண்ணைத் துல்லியமானதாகக் கொள்ள வேண்டியதில்லை. திசை மட்டும் தெளிவாக இருக்கிறது.

டைனமோவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். டயரின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு இரையும், மழையில் வழுக்கும் பழைய டைனமோவை மனத்தில் வைத்துக்கொண்டு இதை ஒதுக்கிவிடாதீர்கள். இப்போதுள்ள ஹப் டைனமோ முன்சக்கரத்தின் நடுவிலேயே அடங்கிவிடுகிறது; சத்தமில்லை, உரசலில்லை. வழக்கமான அளவு 6 வோல்ட், 3 வாட். முன்பு அந்த 3 வாட்டில் 2.4 வாட் முன்பல்புக்கும் 0.6 வாட் பின்பல்புக்கும் போய், மங்கலான மஞ்சள் ஒளிதான் மிஞ்சியது. எல்இடி வந்த பிறகு அதே 3 வாட், 10 மீட்டரில் 80 லக்ஸுக்கு மேல் தரும் விளக்குகளை எரிக்கிறது. விளக்கு எரியும்போது காலுக்குச் சில வாட் கூடுதல் சுமை உண்டு; ஓட்டும்போது அது தெரிவதே அரிது. சந்திப்பில் நின்றாலும் உள்ளே இருக்கும் மின்தேக்கி சில நிமிடங்கள் விளக்கை அணையாமல் காக்கும். நடை வேகத்தில் ஒளி துடிப்பதும், சக்கரத்தையே மாற்றிக் கட்ட வேண்டியிருப்பதால் தொடக்கச் செலவு கூடுவதும் இதன் குறைகள்.

ஆண்டு முழுதும் ஒரே வண்டியில் இருட்டில் போகிறவருக்கு நான் தயங்காமல் டைனமோவையே சொல்வேன். சார்ஜ் போட மறப்பது, விளக்கை வீட்டில் விட்டுவருவது, நிறுத்திய இடத்தில் யாராவது கழற்றிக்கொண்டு போவது ஆகிய மூன்று கவலைகளும் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும். சில மாதங்கள் மட்டும் இருட்டுகிறது, அல்லது இரண்டு மூன்று வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டுகிறீர்கள் என்றால் சார்ஜ் செய்யும் விளக்கே வசதி. மின்மோட்டார் உள்ள மிதிவண்டியாக இருந்தால் இந்த விவாதமே வேண்டாம். பெரிய பேட்டரியிலிருந்தே விளக்குக்கு இணைப்பு எடுக்க வழியிருக்கிறதா என்று பாருங்கள்.

மழையைத் தாங்குமா என்பதற்கு ஐபிஎக்ஸ் எண் விடை சொல்லும். 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 6 என்றால் வேகமாகப் பீய்ச்சும் நீரையும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்குவதை. அன்றாட மழைக்கு 4 போதும். மட்கார்டு இல்லாத வண்டியில் சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீர் நேரே பின்விளக்கின் மேல்தான் விழும் என்பதால் அதற்கு மட்டும் 6 இருப்பது நல்லது. எந்த எண்ணாக இருந்தாலும், சார்ஜ் துளையின் ரப்பர் மூடியைச் சரியாக அழுத்தாவிட்டால் அது வெறும் எண்ணாகிவிடும்.

பொத்தானைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டும். சில விளக்குகளில் பிரகாசமான நிலையிலிருந்து மங்கலான நிலைக்கு மாற்ற, இடையில் உள்ள மின்னும் நிலையையும் அணைந்த நிலையையும் கடந்து போக வேண்டியிருக்கும். இருட்டுச் சாலையில், ஓட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு நொடி முழு இருட்டு என்பது ஏற்கத்தக்கதல்ல. நீண்ட நேரம் அழுத்தினால் மட்டுமே அணையும் விளக்கை வாங்குங்கள். கடைசியாகப் பயன்படுத்திய நிலையை நினைவில் வைத்துக்கொள்வதும், பேட்டரி குறைவதை அரை மணிக்கு முன்பே நிறம் மாறிக் காட்டுவதும், பைக்குள் தவறுதலாக எரியாதபடி பூட்டிக்கொள்வதும் கூடுதல் லூமென்களைவிடப் பயனுள்ளவை.

பொருத்தும் இடத்தையும் வாங்கும் முன்பே யோசித்துவிட வேண்டும். பின்விளக்கை இருக்கையின் தண்டில் கட்டிவிட்டு, அதன் மேல் நீண்ட மழைச் சட்டை தொங்க ஓட்டுகிறவர்கள் பலர். கேரியரில் பை வைப்பவர் கேரியரின் பின்முனையில் பொருத்தும் வகையை வாங்குவதே சரி. முன்னால் கூடை வைத்திருந்தால் விளக்கு கூடைக்கு வெளியே, அல்லது ஃபோர்க்கின் உச்சியில், முன்சக்கரத்துக்கு மேலே இருக்க வேண்டும். ரப்பர் பட்டை எளிதாகக் கழற்ற உதவும். வெயிலில் சில ஆண்டுகளில் வெடித்துப்போகும், தனியாகக் கிடைக்குமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

விளக்கு வாங்கிவிட்டோமே என்று ரிஃப்ளெக்டர்களைக் கழற்றிவிடாதீர்கள். பெடல்களில் உள்ள மஞ்சள் ரிஃப்ளெக்டர்கள் கார் வெளிச்சத்தில் மேலும் கீழுமாக அசைவது, முன்னால் போவது மனிதர் ஓட்டும் மிதிவண்டி என்பதைப் பின்னால் வருபவருக்கு உடனே உணர்த்திவிடும். உடலின் மூட்டுகளில் வைத்த சில ஒளிப்புள்ளிகளின் அசைவு மட்டுமே மனிதரை அடையாளம் காணப் போதும் என்று ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973இல் காட்டியது இதே கண்ணின் இயல்பைத்தான். கணுக்காலில் கட்டும் ஒளிதிருப்பும் பட்டையும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் பிறர் விளக்கொளி மேலே பட்டால்தான் ரிஃப்ளெக்டர் ஒளிரும். குறுக்குத் தெருவிலிருந்து வெளியேறக் காத்திருக்கும் காரின் ஒளி உங்கள் மேல் படுவதில்லை. அங்கே உங்களைக் காட்டிக்கொடுப்பது உங்கள் முன்விளக்கு மட்டுமே.

தலைக்கவசத்தில் விளக்கு வைப்பது பஞ்சர் ஒட்டும்போது உதவும், வளைவுகளில் உதவும்; முதன்மை விளக்காக அது வேண்டாம். நீங்கள் யாரைப் பார்த்தாலும் அவர் கண்ணில்தான் அடிக்கும். மூடுபனியிலும் மழையிலும் கண்ணுக்கு அருகிலிருந்து புறப்படும் ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி, கண்முன் வெள்ளைத் திரையாக நிற்கும்.

கடைசியாக, பொருத்தும் முறை. சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, நீங்கள் ஏறி உட்கார்ந்துகொண்டு விளக்கைப் போடுங்கள். கற்றையின் மேல்விளிம்பு, விளக்கு இருக்கும் உயரத்தைவிட 10 முதல் 20 சென்டிமீட்டர் கீழே சுவரில் விழும்படி சாய்வைச் சரிசெய்யுங்கள். மேல்விளிம்பு இல்லாத வட்டக் கற்றையாக இருந்தால் அதன் நடுப்பகுதி 5 மீட்டர் தொலைவில் விளக்கின் உயரத்தில் பாதிக்கு இறங்கியிருக்க வேண்டும். வண்டியில் உங்கள் எடை இல்லாமலோ, வழக்கமாக ஏற்றும் பையின் பாரம் இல்லாமலோ சரிசெய்தால், ஓட்டும்போது பின்பக்கம் தாழ்ந்து கற்றை மேலே ஏறிவிடும். மேடுபள்ளச் சாலையில் சில வாரங்கள் ஓடிய பிறகு பிடிப்பு தளர்ந்து விளக்கு சாய்ந்திருக்கும். டயருக்குக் காற்றடிக்கும் நாளிலேயே இதையும் ஒருமுறை பார்த்து, கண்ணாடியில் படிந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.